பாலாற்றங்கரையில் பல பாஷைகள்: பொதுவிடத்தில் அயல்மொழி பேசுவது பற்றிய ஒரு பரிசீலனை

கேள்வியின் வடிவம்

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், அவர்களுள் இருவருக்கு மட்டுமே விளங்கும் ஒரு பாஷையில் பேசுவது தகுமா என்ற கேள்வி பார்வைக்குச் சிறியதுதான். ஆயினும் இலக்கண ஆசிரியர்களும் சமயப் பிரசாரகர்களும் அரசியல் தலைவர்களும் சட்டம் இயற்றுவோரும் அதற்கு நெடுங்காலமாக ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகளையே சொல்லி வந்திருக்கின்றனர். அதை மரியாதைக் குறைவு என்றவர் உண்டு. பேசுவோனின் பிறப்புரிமை என்றவர் உண்டு. நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று அபராதம் விதித்தவரும் உண்டு. பிழைப்புக்கான வழி, அதற்குமேல் ஆராய அதில் ஒன்றுமில்லை என்று கைவிட்டவரும் உண்டு.

இவ்விடைகளைப் பொதுப்படையாக எடைபோடுவதைவிட ஒரு நிலப்பகுதியில் வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்று தோன்றுகிறது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றின் இருமருங்கும் கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசம் இதற்கு மிகவும் தகுந்தது. 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில், நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்துக்குள், தமிழும் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும் ஒரே நாளில் ஒருவர் காதில் விழக்கூடும். 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு, தமிழ்நாடு முழுவதிலும் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்கிறது. ஆம்பூர்க் கடைத்தெருவில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு நம்பத்தக்கதாகவே தோன்றாது.

இங்கே ‘அயல்மொழி’ எது என்பதே முதல் சிக்கல். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகப் பேசப்படும் உருது அயல்மொழியா? ஆந்திர எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள குடியாத்தத்தில் தெலுங்கு அயல்மொழியா? நீதிமன்றத்திலும் ஏற்றுமதிக் கடிதத்திலும் அன்றாடம் புழங்கும் ஆங்கிலம் எவ்வகையைச் சேரும்? மொழியின் பிறப்பிடத்தைக் கொண்டு விடை தேடினால் இக்கேள்விகளுக்கு முடிவே இராது. ஆகவே இக்கட்டுரையில் அயல்மொழி என்பது, பேசப்படும் இடத்தில் இருப்போருள் ஒருசாரார்க்கேனும் விளங்காத மொழி என்ற அளவிலேயே கொள்ளப்படுகிறது.

வேங்கடத்தின் அடிவாரத்தில்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கட மலையை வட எல்லையாகச் சொல்வது தொல்காப்பியப் பாயிரத்தின் காலத்திலிருந்து வரும் மரபு. அம்மலையிலிருந்து வேலூர் ஒரு பகற்பொழுதுக்குள் சென்று மீளும் தொலைவே. சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நாட்டை மொழி மாறிவிடும் தேயம் என்று சுட்டுகின்றன. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் அங்கே போகிறான், தலைவி அதை எண்ணி வருந்துகிறாள். பிற மொழி கேட்கும் இடம் என்பது அங்கே தொலைவுக்கும் தனிமைக்கும் ஓர் அடையாளம். அத்தேயத்து வடுகரின் பேச்சை ஏளனக் குறிப்போடு சொல்லும் இடமும் அகப்பாடல்களில் இல்லாமல் இல்லை.

ஆனால் அதே இலக்கியத்தொகுதிக்குள் வேறு குரல்களும் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத்தில் பல தேயத்தார் பல மொழி பேசிக் கலந்து இனிது உறைந்ததைப் பட்டினப்பாலை அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. முல்லைப்பாட்டோ, அரசனின் பாசறையில் காவல் புரியும் மிலேச்சரைச் சொல்லும்போது, நாவால் உரையாட இயலாமல் உடம்பின் சைகையால் பேசுபவர்களாகக் காட்டுகிறது. அவர்களுக்கு மொழி இல்லாமல் இல்லை. கேட்பவருக்கு விளங்காத காரணத்தால் அவர்கள் ஊமைகளாகிவிட்டனர். துறைமுகத்தில் அயல்மொழி செல்வத்தின் ஓசை, பாசறையில் அது மௌனம். ஒரே பத்துப்பாட்டுக்குள் இவ்விரண்டும் அடங்கியிருப்பதால், ‘பண்டைத் தமிழர் அயல்மொழியை வரவேற்றனர்’ என்றோ ‘வெறுத்தனர்’ என்றோ ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடும் மேடை வழக்கத்துக்கு ஆதாரம் போதாது.

இலக்கண நூலாரின் விடை இன்னும் நுட்பமானது. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர், வடசொல்லை விலக்கவில்லை. வட எழுத்தை நீக்கித் தமிழோசைக்கு இணங்கி வருமாயின் அதை ஏற்றுக்கொண்டார். வந்தவன் வீட்டு வழக்கத்துக்கு இணங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய விருந்தோம்பல் அது. இவ்விதி சொல்லுக்கே உரியது, பேச்சுக்கு அன்று. ஒரு முழு பாஷையையே பேசிக்கொண்டு தெருவில் வருபவனை என்ன செய்வது என்று இலக்கணம் நமக்குச் சொல்லவில்லை.

ஆற்காட்டு நவாபுகளும் அவர்கள் விட்டுச்சென்ற வழக்கும்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதத்துல்லா கான் ஆற்காட்டைத் தலைநகராக்கிய பிறகு, பாலாற்றங்கரையில் அதிகாரத்தின் பாஷை பாரசீகமாகவும், படைவீட்டின் பாஷை தக்கனி உருதுவாகவும் ஆயிற்று. 1749-இல் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்த போர்க்களம் ஆம்பூர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டபோது, அவர்களைச் சார்ந்தவர்களும் பெருந்தொகையினராக அந்நகரில் குடியேறினர். 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடத்தைச் சரித்திர ஆசிரியர்கள் பலரும் ஆராய்ந்துள்ளனர்.

அக்காலத்து ஜனங்கள் இந்த அயல்மொழிகளை எவ்விதம் கருதினர் என்பதற்கு நேரான சாட்சியங்கள் குறைவு. மறைமுகமான சாட்சியம் நம் வாயிலேயே இருக்கிறது. ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், பாக்கி, ஜமாபந்தி, ஜப்தி, ரத்து, வக்கீல், அமீனா, கஜானா என்ற சொற்களை விலக்கிவிட்டு ஒரு குடியானவன் தன் நிலத்தகராற்றைச் சொல்ல முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. இச்சொற்கள் பெரும்பாலும் அச்சத்தோடும் கடனோடும் சம்பந்தப்பட்டவை. அயல்மொழியை ஜனங்கள் முதலில் அறிந்தது கவிதையாக அன்று, கட்டளையாக என்று இதிலிருந்து ஊகிப்பது தவறாகாது. இரண்டு பாஷை அறிந்து இடையில் நின்ற துபாஷிகள் பொருள் சேர்த்ததும், அதே காரணத்தால் இருதரப்பாரின் ஐயத்துக்கும் ஆளானதும் அக்காலத்துச் செய்திகளே. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவோர், மொழி தெரிந்தவன் அடையும் செல்வாக்கையும் அவனைச் சுற்றி எழும் பொறாமையையும் ஒருங்கே காண்பர்.

ஆயினும் உருதுவின் கதை கட்டளையோடு நின்றுவிடவில்லை. தக்கனிப் பேச்சு இந்த மண்ணில் வேரூன்றியபோது அதன் வாக்கிய அமைப்பே இங்குள்ள மொழிகளைத் தழுவி மாறியது. பிறர் கூற்றைச் சொல்லி முடிக்கும் இடத்தில் தமிழர் ‘என்று’ என்பதுபோல, தக்கனி பேசுவோர் ‘போல்கே’ என்று முடிக்கின்றனர். டில்லியிலிருந்து வருபவருக்கு இது விநோதமாகப் படுகிறது. மறுப்புக்கு அவர்கள் வழங்கும் ‘நக்கோ’ மராத்தியிலிருந்து வந்தது. அதாவது, வேலூர் உருது வடக்கே போனால் அங்கும் ஒருவகையில் அயல்மொழியே.

வட ஆற்காட்டு லெப்பை வகுப்பாருள் கணிசமானோர் முன்னர் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் உருதுவுக்கு மாறினர் என்ற கருத்தை முஸ்லிம் சமூக வரலாற்றை ஆய்ந்தோர் சிலர் முன்வைத்துள்ளனர். இது முழுவதும் நிறுவப்பட்டதென்று சொல்வதற்கில்லை. ஊருக்கு ஊர் நிலை வேறுபடுகிறது. ஆனால் இக்கருத்தில் பாதி உண்மை இருந்தாலும், ‘வந்தேறிகளின் மொழி’ என்ற வர்ணனை குலைந்துபோகிறது. தோல் வியாபாரத்தில் முன்னேறிய ஒரு சமூகம், கௌரவத்தையும் மார்க்கக் கல்வியையும் நாடித் தானே விரும்பி ஏற்ற மொழி என்று அதைக் கொள்ளவேண்டியிருக்கும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரிக்குத் தமிழ் பேசும் ஊர்களிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்து பயின்று ‘பாகவி’ என்ற பட்டத்தோடு திரும்பிய ஆலிம்கள் பலர். அவர்களுக்கு உருது பிறப்பால் வந்ததன்று, படிப்பால் வந்தது.

கடைவீதியில் தமிழ் பேசிய அமெரிக்கர்கள்

இக்கேள்வியின் மறுபக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்: அயலான் நம் மொழியைப் பேசினால் நாம் என்ன நினைக்கிறோம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்கட்டர் குடும்பத்தார் நிறுவிய அமெரிக்க ஆற்காட்டு மிஷன், கிராமங்களிலும் கடைவீதிகளிலும் நின்று பிரசங்கிப்பதைத் தன் முறையாகக் கொண்டது. ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் அதற்கென்றே தமிழில் ஒரு நூலை இயற்றினார். நவாபின் அதிகாரி ஜனங்களைத் தன் மொழிக்கு வரச் செய்தான் என்றால், மிஷனரி தானே ஜனங்களின் மொழிக்கு வந்தான். அவன் நோக்கம் மதமாற்றம் என்பதை அறிந்தும், ஒரு வெள்ளைக்காரன் தமிழ் பேசுவதைக் கேட்கவே கூட்டம் கூடியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. பேசுவோன் குனிந்து வந்தால் அவன் கருத்தை மறுப்பவனும் அவன் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறான். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இந்தக் குறிப்பு மறுபடி தேவைப்படும்.

மேடையும் தாய்மொழியும்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி உருமாறியது. அதுவரை இடத்தையும் வேலையையும் பொறுத்திருந்த மொழித் தேர்வு, ஆளையும் அவனது விசுவாசத்தையும் பற்றிய விசாரணையாயிற்று. தெலுங்கு மொழி உணர்ச்சியின் வரலாற்றை 2009-இல் நூலாக எழுதிய லிசா மிட்செல் இம்மாற்றத்தைத் தெளிவாக விளக்குகிறார்: முன்பு ஒரு மொழி ஒரு காரியத்துக்கு உரியதாக இருந்தது, பின்னர் அது ஒரு மனிதனுக்கு உரியதாயிற்று, ‘தாய்மொழி’ என்ற எண்ணம் அவ்வாறுதான் வலுப்பெற்றது. அவர் ஆய்ந்தது ஆந்திரத்தை என்றாலும், 1911 வரை சித்தூர்ப் பகுதியையும் தன்னுள் கொண்டிருந்த வட ஆற்காட்டுக்கு அது பொருந்தாமற் போகாது. இரண்டு மொழிக்கும் பொதுவாயிருந்த அந்த ஜில்லா, மாநில எல்லைக் கிளர்ச்சிகளுக்குப் பின் 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, இருபுறமும் கோடு கிழித்த நிலமாக மாறியிருந்தது.

மேடையை எடுத்துக்கொள்வோம். 1907-இல் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தைக் கவர்ந்த விபின் சந்திர பாலரின் சொற்பொழிவுகள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. அக்காலத்துச் சுதேசியம் அந்நியத் துணியை எரித்ததேயன்றி அந்நிய மொழியை எரிக்கவில்லை. இந்த முரணைச் சுட்டிக்காட்டியவர் காந்தியடிகள். 1915-இல் மாயவரத்தில் தமக்கு அளித்த வரவேற்புப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது கண்டு, தாய்மொழிகளின் சமாதிமேல் ஆங்கிலத்தை எழுப்புவது உண்மையான சுதேசியம் ஆகாது என்றும், தமிழ் அறியாத தம்மை மன்னித்துத் தமிழைக் கற்பிக்க முன்வருவதே முறை என்றும் அவர் கூறினார். விருந்தாளிக்கு விளங்காவிட்டாலும் வீட்டுக்காரர் தம் மொழியிலேயே பேசவேண்டும் என்பது இதன் பொருள். திரு.வி.க. போன்றோர் அரசியல் மேடையைத் தமிழுக்கு உரியதாக்கிய பின்னர், தமிழ்க் கூட்டத்தில் ஆங்கிலம் பேசுவது படிப்பின் அடையாளம் என்ற நிலை தளர்ந்து, கூச்சப்படவேண்டிய செயலாகவும் கருதப்படலாயிற்று.

1938-இல் இராஜாஜியின் அரசாங்கம் பள்ளிகளில் ஹிந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த கிளர்ச்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டதையும் யாவரும் அறிவர். ஆனால் அக்கிளர்ச்சி உருது பேசும் பாலாற்றங்கரையில் எத்தகைய சங்கடத்தை உண்டாக்கியிருக்கும் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. சென்னை மாகாண முஸ்லிம்கள் இதில் ஒரே அபிப்பிராயம் உடையவர்களாக இருக்கவில்லை. சட்டசபையில் பி. கலிபுல்லா, தாம் ஒரு ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி தமிழேயன்றி உருது அன்று என்றும், அதைச் சொல்வதில் தமக்கு வெட்கமில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தார். பின்னர், தோல் வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தவரான காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மைக்காகவும் தகுதிக்காகவும் வாதிட்டார். தோல் மண்டியில் உருது, சபையில் தமிழுக்காக வாதம், அவ்வாதமோ ஆங்கிலத்தில். இம்மூன்றும் ஒரே வர்த்தக உலகத்துக்குள் முரணின்றி இயங்கியதை ‘ஒரு மனிதன், ஒரு மொழி’ என்ற கொள்கையால் விளக்க முடியவில்லை. அந்தச் சபையிலேயே, 1946 டிசம்பரில், ஹிந்துஸ்தானி அறியாதவருக்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்று துலேகர் என்ற உறுப்பினர் முழங்கியதை எதிர்த்தரப்பின் உச்சமாக இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பெரியாரின் நிலை இவை எல்லாவற்றினின்றும் விலகி நிற்பது. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்ற அவரே, பிற்காலத்தில் தமிழர் வீட்டிலும் ஆங்கிலம் பேசிப் பழகவேண்டும் என்று சொன்னார். மொழியை அவர் பூசைக்குரியதாக எண்ணவில்லை, கருவியாக எண்ணினார். வேலைக்காரப் பெண்ணோடும் ஆங்கிலத்திலேயே பேசவேண்டும் என்ற அவருடைய யோசனை, அவளுக்கு அது விளங்குமா என்ற சிறு கேள்வியை விடையின்றி விட்டுவிடுகிறது என்பது அதன் குறை.

இத்தனை கூச்சலுக்கிடையில் மிகவும் சமனான விதியைச் சொன்னவர் இந்தப் பிரதேசத்துக்காரரே. திருப்பத்தூரில் பிறந்து, அங்கே தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகவும் பின்னர்த் தமிழாசிரியராகவும் பணியாற்றிய மு. வரதராசனார், ‘தம்பிக்கு’ என்ற கடித நூலில், தமிழரிடம் தமிழிலேயே பேசவும் எழுதவும் வேண்டும், தமிழ் அறியாதவரிடம் மட்டும் வேறு மொழியைக் கையாளலாம் என்று அறிவுறுத்துகிறார். இதில் கவனிக்கவேண்டியது, விதி மொழியைச் சார்ந்திராமல் கேட்பவரைச் சார்ந்திருப்பது. உருதுவும் தெலுங்கும் அக்கம்பக்கத்தில் ஒலிக்கும் ஊரில் வளர்ந்த ஒருவருக்கு இவ்வகை விதி இயல்பாகத் தோன்றியிருக்கலாம் என்பது ஓர் ஊகமே. எனினும் தமிழும் உருதுவும் இரண்டும் அறிந்த இருவர், இரண்டில் ஒன்று மட்டும் அறிந்த மூன்றாமவர் எதிரில் பேசும்போது என்ன செய்வது என்பதற்கு மு.வ.வின் விதியும் வழி சொல்லவில்லை.

தடை விதித்த நாடுகளின் அனுபவத்தையும் இங்கே சுருக்கமாக நினைவுகூரலாம். 1918 மே மாதத்தில் அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங், பொதுவிடங்களிலும் ரயில் வண்டிகளிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசலாகாது என்று பிரகடனம் செய்தார். 1928-இல் துருக்கியில் சட்டக் கல்லூரி மாணவர்கள் ‘குடிமகனே, துருக்கிய மொழி பேசு’ என்ற இயக்கத்தைத் தொடங்க, கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் தெருவில் வாய் திறக்க அஞ்சினர். இரண்டிடத்திலும் பேச்சு வீட்டுக்குள் ஒதுங்கியதேயன்றி, பேசியவர்களின் விசுவாசம் வளர்ந்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் மொழிப் போராட்டங்கள் பள்ளி, அலுவலகம், அரசாங்க ஆணை என்பவற்றைப் பற்றியவை. தெருவில் பேசுபவனின் நாவைக் கட்டும் சட்டம் இங்கே இயற்றப்படவில்லை. இவ்வேறுபாட்டை வடநாட்டு விமரிசகர்கள் பலர் காண்பதில்லை.

தோல் மண்டியின் பாஷை

கொள்கைகளை விட்டுத் தொழிலுக்கு வருவோம். இப்பிரதேசத்தின் உண்மையான ஆசிரியர் தொழில்தான். ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்துப் பதனிட்ட காலத்திலிருந்து, 1973-இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசாங்கம் வரம்பு விதித்தபின் முழுப்பதத் தோலுக்கும் ஷூ தயாரிப்புக்கும் தொழில் திரும்பிய காலம் வரை, இங்கே ஒரு தோல் கைமாறுவதற்குள் அதைப் பற்றிப் பல மொழிகளில் பேசியாக வேண்டியிருந்தது. கிராமத்துச் சந்தையில் தமிழ் அல்லது தெலுங்கு, மண்டியில் உருது, வங்கியிலும் சுங்கத்திலும் ஆங்கிலம், ஜெர்மானியரும் இத்தாலியரும் வாங்க வந்தால் அவர்களுடைய ஆங்கிலம். இதுவும் ஒரு தனி மொழி என்று சொல்வோர் உண்டு.

இத்தகைய வாழ்வை விளக்க மொழியியலார் இரண்டு சித்திரங்களை வழங்குகின்றனர். பம்பாயில் வாழும் குஜராத்தி வாசனைப்பொருள் வியாபாரி ஒருவர் வீட்டில் ஒன்று, காய்கறிச் சந்தையில் ஒன்று, மொத்த வியாபாரத்தில் வேறொன்று என்று நாள் முழுதும் மொழி மாற்றிக்கொண்டே இருந்தும் எதையும் இழப்பதில்லை என்று 1972-இல் பிரபோத் பண்டித் காட்டினார். மகாராஷ்டிர எல்லைக் கிராமமான குப்வாடில் கன்னடம், உருது, மராத்தி, தெலுங்கு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தழுவி, சொற்கள் மட்டும் வேறாக இலக்கணம் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதை கம்பர்ஸும் வில்சனும் 1971-இல் விவரித்தனர். அங்கே செல்வாக்குடைய எவருக்கும் வீட்டுமொழியாக இல்லாத மராத்தியே பொதுவிடத்தில் நடுநிலை மொழியாயிற்று. இவ்விரு சித்திரங்களும் இந்தியப் பன்மொழி வாழ்வின் இணக்கத்தை எடுத்துக்காட்டுவன. பாலாற்றங்கரைக்கு இவை ஓரளவே பொருந்தும். இங்கே தமிழ் நடுநிலை மொழியன்று. அது ராஜ்யத்தின் மொழி, தொழிலாளரின் வீட்டுமொழி. உருதுவோ ராஜ்யத்தில் சிறுபான்மை, தோல் ஷாப்பில் பெரும்பாலும் முதலாளியின் மொழி. ஒரே மொழி வாசலுக்கு வெளியே எளியதாகவும் உள்ளே வலியதாகவும் இருப்பது இப்பிரதேசத்தின் விசேஷம்.

ஆகையால் மற்றொரு சாரார், எவன் எவன் மொழியைக் கற்றுக்கொள்கிறான் என்று பார்த்தால் அதிகாரம் எங்கிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்கின்றனர். மேஸ்திரிக்கும் தொழிலாளிக்கும் அரைகுறை உருது தெரியும். முதலாளிக்கும் தமிழ் தெரியும், ஆனால் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இருவருக்கும் ஒரே அளவினதன்று. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்கு வரும் பெண்கள் பெருகிய பின், தொழிற்சாலைக்குள் தமிழின் பங்கு மிகுந்திருக்க வேண்டும் என்று நினைப்பதற்கு நியாயம் உண்டு. இந்த அதிகார வாதம் வலுவானதே. ஆயினும் கோடீசுவரரான ஏற்றுமதியாளர் கிராமத்துத் தரகனிடம் தெலுங்கில் குழைவதையும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த அப்துல் ரகுமான் உருதுக் கவிதையின் கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றதையும் அதனால் விளக்க முடியாது. முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்குகள் நடக்கும் ஊரில் வாழ்ந்து, கேட்ட இசையைத் தன் மொழியில் முயன்று பார்த்த கவிஞனிடம் அதிகாரம் எங்கே இருக்கிறது?

மொழி தெரியாதவர் எதிரில் பேசும்போது எழும் சந்தேகத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்ற ஐயம் உலகப் பொதுவானது. விலை பேசும் இடத்தில் அது கூர்மையடைகிறது. ஆனால் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதை நினைத்துப் பாருங்கள். சுற்றி நிற்பவர்களிடமிருந்து மறைப்பதே அதன் ஒரே நோக்கம், அதை யாரும் அவமரியாதையாகக் கருதுவதில்லை. மறைப்பு அனைவர்க்கும் பொதுவான சம்பிரதாயமாக இருந்தால் பொறுக்கப்படுகிறது. ஒரு சாராரின் மொழியால் நேர்ந்தால் உறுத்துகிறது. ஆகவே அயல்மொழி பேசுவோர்மீது எழும் கோபத்துக்கு ‘மறைத்துப் பேசுகிறார்கள்’ என்று சொல்லப்படும் காரணம் முழுக் காரணமாக இருக்க முடியாது.

ஆஸ்பத்திரித் தெரு

1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகளை ஈர்க்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் தொங்குகின்றன. உணவுக்கடைகளில் வங்காளத்து மீன்குழம்பு கிடைக்கிறது. கடைப் பையன்களும் ஆட்டோக்காரர்களும் வங்காளத்திலும் இந்தியிலும் கூப்பிடுகின்றனர். இந்தியை எதிர்த்து 1965-இல் கொதித்தெழுந்த ஒரு ராஜ்யத்தின் நகரத்தில் இது அதிகச் சலசலப்பின்றி நிகழ்ந்திருக்கிறது. ‘பணம் வருகிறது, பேசுகிறார்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பணம் ஒரு காரணமே. ஆனால் இங்கே வருபவர் நோயாளி அல்லது நோயாளியின் உறவினர். கட்டளையிடும் நிலையில் அவர் இல்லை. முன்னர் ஆற்காட்டுக் கடைவீதியில் மிஷனரி குனிந்து வந்தான் என்றோம். இங்கே ஊரார் குனிகின்றனர், அதனால் சிறுமையடைந்ததாக எண்ணுவதாகத் தெரியவில்லை. அதே இந்தி, ரயில் நிலையச் சீட்டுக் கௌண்டரில் தமிழ் தெரியாத ஊழியரின் வாயிலிருந்து வரும்போது உண்டாகும் எரிச்சல் வேறு. மொழி ஒன்றே, யார் யாருக்காகச் சிரமப்பட வேண்டியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதுவரை பார்த்த கொள்கைகளுள் எதற்கும் இவ்விஷயத்தில் முதலிடம் கொடுக்கலாமெனில், கேட்பவரை முன்னிட்டு எழுந்த விதிகளுக்கே கொடுக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். மொழியின் பிறப்பு, பேசுபவரின் விசுவாசம், அதிகாரத்தின் திசை ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் சில நிகழ்ச்சிகளை விளக்கி வேறு சிலவற்றில் தோற்கின்றன. விளங்கிக்கொள்ளும் சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது, அச்சுமையை அவர் விரும்பி ஏற்றாரா என்ற கேள்வி அவற்றைவிடச் சற்று அதிக தூரம் நம்மை அழைத்துச் செல்கிறது.

தீர்வுபெறாதவை

ஆயினும் இந்த அளவுகோலையும் அளந்து பார்க்கத் தக்க செய்திகள் சேகரிக்கப்படவில்லை. குடிக்கணக்கு ஒருவரின் தாய்மொழியையும் அவர் அறிந்த வேறு இரண்டு மொழிகளையும் கேட்கிறது. எங்கே, யாரோடு, எதைப் பேசுகிறார் என்று கேட்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் உருது வழிப் பள்ளிப் பிள்ளைகளையும் தமிழ்த் தேர்வு எழுதச் சொல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் வழக்காடி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திடம் மேலும் ஓராண்டு விலக்குப் பெற்றன. வழக்கு முழுவதும் தேர்வைப் பற்றியது. அப்பிள்ளைகள் வகுப்பைவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தபின் எந்த மொழியில் விளையாடுகிறார்கள் என்பது நீதிமன்றத்தின் கேள்வியன்று. உருதுவைச் சரளமாகப் பேசி, படிப்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வைத்துக்கொண்ட இளைஞர்கள் பெருகினால், அம்மொழிமீது அவர்களுக்கும் அயலாருக்கும் உள்ள மனப்பான்மை எவ்விதம் மாறும் என்பதும் ஆராயத் தக்கது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பேசுபவரைப் பற்றி இலக்கணக்காரர் முதல் மொழியியலார் வரை எழுதிக் குவித்திருக்க, பக்கத்தில் நின்று கேட்டும் விளங்காமல் இருப்பவரை அநேகமாக எவரும் விசாரிக்கவில்லை. முதலாளியின் மேசை எதிரில் இரண்டு பேர் உருதுவில் பேசிக்கொள்ளும்போது கூலிக்கணக்குக்காகக் காத்து நிற்கும் தமிழ்த் தொழிலாளி, தாலுகா அலுவலகத்தில் தமிழ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தரின் முகத்தைப் பார்க்கும் உருது பேசும் மூதாட்டி, மருந்துக் கௌண்டரில் தன் பிள்ளையின் பெயர் தமிழ் உச்சரிப்பில் கூப்பிடப்படுவதை அடையாளம் கண்டுகொள்ள முயலும் வங்காளத் தாய் ஆகிய மூவரும் ஒரே நகரத்தில் ஒரே பகற்பொழுதில் நிற்கக் கூடியவர்கள். அம்மூவருள் யாருக்கு அது அவமானம், யாருக்கு அலுப்பு, யாருக்கு இயல்பு என்பதை அவர்களிடமே கேட்டு எழுதும் வேலை இனித்தான் தொடங்கவேண்டும்.